நெடுந்தீவுத் துறையில் ஒரு பிற்பகல்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, அத்தீவின் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிற் போய் நின்றால், தரைவழி அவ்விடத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்கப்பாற் செல்வோர் கடலைத்தான் நம்ப வேண்டும். நயினாதீவுக்குச் செல்வோர்க்கு அது பெரிய காரியமன்று. நாகபூஷணி அம்மன் கோபுரம் கண்ணெதிரே தெரிய, சிறிது நேரத்திலேயே அக்கரை சேர்ந்துவிடலாம். நெடுந்தீவுப் பயணம் அத்தகையதன்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் திறந்த கடலில் ஓட வேண்டும். சோழகக் காற்று வீசுங் காலமாயின், அந்த ஒரு மணி நேரத்தில் வாயாடிகளும் வாய் மூடிவிடுவார்கள்.

நானும் என் மனைவியும், எங்கள் மகள் வயிற்றுப் பேரனும், மனைவியின் சின்னம்மாவும் உறவினர் சிலருமாகப் பதினொரு பேர் ஓர் ஆடி மாதக் காலையில் அக்கடலைக் கடந்தோம். என் மனைவி நெடுந்தீவிற் பிறந்தவள். மணமாகி வந்தபின் அவள் தன் ஊரைப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாய்வழிக் காணியின் எல்லையை ஒருமுறை போய்ப் பார்த்து வரவேண்டுமென்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயணிகள் படகில் எழுபத்தெட்டு வயதுச் சின்னம்மாவை ஏற்றி இறக்குவது கடினமென்று எண்ணி, தனியார் படகொன்றை அன்றைக்கெனப் பேசிக்கொண்டோம்.

அது இரண்டு இயந்திரங்கள் பூட்டிய படகு. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. இரண்டும் டீசல் இயந்திரங்கள். ‘ஒன்று போதாதா?’ என்று பேரன் கேட்டான். “நடுக்கடலில் ஒன்று நின்றால் மற்றது கரை சேர்க்கும், தம்பி” என்றார் படகுக்காரர். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், அதிகம் பேசாதவர். அவருக்கு உதவியாகப் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் பேசாதிருந்த நேரமே இல்லை.

புறப்படும்போதே ஒரு சங்கதி என் கண்ணிற் பட்டது. இடப்புற இயந்திரம் சாவி திருப்பியவுடனே உறுமிக்கொண்டு எழுந்தது. வலப்புறத்ததோ நோயாளி முனகுவதுபோல முனகிவிட்டு ஓய்ந்தது. படகுக்காரர் ஒன்றும் பேசாமற் குனிந்து, பலகைச் சுவரிலிருந்த சிவப்பு நிற ஆளியொன்றைத் திருப்பினார். பின்னர் சாவியைத் திருப்பியதும் அதுவும் எழுந்து ஓடத்தொடங்கிற்று. முப்பது ஆண்டுகள் பௌதிகம் படிப்பித்தவனாதலால், அவர் செய்தது எனக்கு விளங்கிற்று. இயந்திரத்துக்கு ஒன்றாக இரண்டு பற்றரிகள் இருந்தன. வலப்புறத்துப் பற்றரிக்கு வலுவில்லை. இரண்டையும் இணைக்கும் ஆளியைத் திருப்பி, இடப்புறத்துப் பற்றரியிடம் கடன் வாங்கி அதை எழுப்பிவிட்டார். விளங்கிற்றேயொழிய, அதைப் பற்றி ஒரு சொல்லும் நான் கேட்கவில்லை. ஊரைப் பார்க்கப் போகும் மகிழ்ச்சியில் இருப்பவர்களிடையே பற்றரியைப் பற்றிப் பேசுபவன் யார்?

நிற்க. நெடுந்தீவைப் பற்றிச் சில வார்த்தை கூறவேண்டும். யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுகளுக்கெல்லாம் ஒல்லாந்தர் தம் நாட்டு ஊர்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று; காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று; அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. அப்பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. டெல்வ்ற் என்ற ஒன்று மட்டும் நெடுந்தீவை விடாது பிடித்துக்கொண்டிருக்கின்றது. தீவெங்கும் வேலிக்குப் பதிலாக முருகைக்கல் மதில்கள். சாந்து ஒரு பிடிகூட இல்லாமல், கல்லின்மேற் கல்லாக அடுக்கிய மதில்கள் அவை. கடல் எறிந்த கல்லையே எடுத்துக் காணிக்கு எல்லை கட்டியிருக்கின்றார்கள். மருத்துவமனைக்குப் பின்புறத்தில் இடிந்து கிடக்கும் கோட்டையும் அதே கல்லால் ஆனதுதான். தூது அனுப்பும் புறாக்களை வளர்த்ததாகச் சொல்லப்படும் புறாக்கூடும், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்கு மரமும், குதிரை லாயத்தின் தூண்களும் காண்பதற்குரியன. அன்னியர் ஆட்சிக் காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் கட்டுக்கடங்காத மட்டக்குதிரைகளாக வெளிகளில் இன்றும் மேய்கின்றன. வறட்சிக் காலத்தில் அவை தண்ணீருக்காக அலைவதைக் காண மனம் பொறாது.

மனைவியின் காணியைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் சென்றது. வீடு இருந்த இடத்தில் அடித்தளக் கல் மட்டும் எஞ்சியிருந்தது. கிணறு இருந்தது, பனைகள் இருந்தன, மதில் ஓரிடத்தில் மட்டும் சரிந்திருந்தது. சின்னம்மா அந்தச் சரிவில் நின்று விழுந்த கற்களில் நாலைந்தை எடுத்து மேலே வைத்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவில்லை. உறவினர் வீட்டில் ஒடியற்கூழும் சோறும் கறியும் உண்டுவிட்டு, பிற்பகல் மூன்று மணியளவில் மாவிலித்துறைக்குத் திரும்பினோம்.

துறையிற் கண்ட காட்சி நன்றாயில்லை. படகுக்காரர் இயந்திர அறையின் மூடியைத் திறந்துவைத்து, கன்னத்திற் கைகொடுத்து உட்கார்ந்திருந்தார். பையன் ஒரு மூலையில் வாய் திறவாது நின்றான். இரண்டு இயந்திரங்களும் எழும்பவில்லை.

நடந்தது இதுதான். காலையில் வலப்புற இயந்திரத்தை எழுப்புவதற்காகத் திருப்பிய சிவப்பு ஆளியை மீண்டும் பிரித்துவிட மறந்துவிட்டார்கள். படகு துறையில் நின்ற ஐந்து மணி நேரமும் பையன் ஒலிபெருக்கியிற் பாட்டுக் கேட்டிருக்கின்றான். படகின் அடியிற் கசியும் நீரை இறைக்கும் பம்பியும் இடையிடையே ஓடியிருக்கின்றது. ஆளி இணைந்தே இருந்தபடியால், வலுவிழந்த பற்றரி வலுவுள்ளதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு இயந்திரம் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது காக்கும் என்ற நம்பிக்கை, ஓர் ஆளியைப் பிரிக்க மறந்ததனாற் பொய்த்துப்போயிற்று.

அன்றைய கடைசிப் பயணிகள் படகு ஏற்கெனவே போய்விட்டது. சோழகம் வலுத்திருந்தது. இக்கடலை அத்தீவு மக்கள் வெறுங் கடலாகப் பார்ப்பதில்லை. 1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகிற் சென்றவர்கள் வழியிலே வெட்டிக் கொல்லப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் இங்கே விளக்கேற்றுகின்றார்கள். நேரந்தவறிக் கடலில் இறங்குவதென்றால் முதியவர்கள் முகம் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சின்னம்மா, “இண்டைக்கு இங்கேயே படுப்பம்” என்றார். மறுநாட் காலை அவருக்கு யாழ்ப்பாண மருத்துவமனையில் கிளினிக் நாள் என்பது எனக்கு நினைவில் இருந்தது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நாள் அது.

படகுக்காரர் பையனைக் கடிந்துகொண்டார். பின்னர் யாரிடமென்றில்லாமல், “இந்த வருஷத்துக்குள்ளே மூன்று பற்றரி” என்றார். வலப்புற இயந்திரத்துக்கு ஆண்டின் தொடக்கத்திற் புதுப் பற்றரி வாங்கிப் போட்டாராம். இரண்டு மாதத்தில் அது செத்துப்போயிற்று. கடைக்காரர் பற்றரியைச் சோதித்துவிட்டு, டைனமோவிற் குறையாக இருக்கலாம் என்று சொல்லியிருக்கின்றார். பழையதைக் குறைந்த விலைக்குக் கழித்துக் கொடுத்துவிட்டு வேறு டைனமோ போட்டார். இரண்டாம் பற்றரியும் வாங்கினார். அதுவும் போயிற்று. இப்போது இருப்பது மூன்றாவது. “மனுசியின்ரை சங்கிலி வைப்பிலை கிடக்குது, மாஸ்ரர்” என்று அவர் தலை குனிந்து சொன்னபோது, காலையில் நான் வாய் திறவாதிருந்தது எனக்குக் குத்திற்று.

துறையிலிருந்த ஒருவர், “அம்மானைக் கூட்டிவரட்டோ?” என்று கேட்டார். அரை மணி நேரத்துக்குள் உழவு இயந்திரமொன்று ஆடி அசைந்து வந்து நின்றது. அதை ஓட்டிவந்தவர் எழுபதைக் கடந்த ஒரு முதியவர், மேற்சட்டை இல்லாதவர், வாயிற் சுருட்டு. ஐம்பது ஆண்டுகளாக அத்தீவின் வள்ளத்து இயந்திரங்களையும் நீர் இறைக்கும் இயந்திரங்களையும் திருத்திவருபவராம். நாட்டின் பொது மின்வலையோடு கம்பித் தொடர்பில்லாத தீவில் இத்தகைய ஒருவர் இல்லாமற் காலந்தள்ள முடியாது. ஊரில் அனைவருக்கும் அவர் அம்மான்.

இயந்திர அறையை அணுகுமுன் அவர் செய்த முதற்காரியம், சுருட்டை அணைத்துத் துறைக் கல்லின்மேல் வைத்ததுதான். மின்னேற்றம் பெறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது தேங்கி நின்றால் ஒரு பொறி போதும். இதை நான் வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக் காட்டியதுண்டு. அவர் எழுதாமலே செய்தார்.

படகில் மீற்றர் ஒன்று இருந்தது. அதை என் கையிற் கொடுத்து, “மாஸ்ரர், நீங்கள் வாசியுங்கோ. எனக்குக் கண் பிடிக்காது” என்றார். சிவப்பு ஆளியைப் பிரிக்கச் செய்து, இரண்டு பற்றரிகளையும் அளக்கச் சொன்னார். இரண்டும் 12 வோல்ற்றுப் பற்றரிகள். நன்கு மின்னேறி ஓய்ந்திருக்கும் இத்தகைய ஈயப் பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற்றுக் காட்ட வேண்டும். இடப்புறத்தது 12.0; வலப்புறத்தது 11.7. அரை வோல்ற்று, ஒரு வோல்ற்று என்பதெல்லாம் நமக்கு அற்பமாகத் தோன்றும். பற்றரிக்கோ முழு வயிற்றுக்கும் வெறும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான்.

உழவு இயந்திரத்தின் பற்றரியைக் கழற்றி வந்து, தடித்த கம்பிகளால் இணைத்து, முதலில் இடப்புற இயந்திரத்தை எழுப்பினார். சில நிமிடங்களில் அதன் பற்றரியில் 13.6 வோல்ற்று, பின்னர் 13.9. “இது சுகதேகி” என்றார். பின்னர் அதே உதவியோடு வலப்புறத்ததையும் எழுப்பி, உதவிக் கம்பிகளை அகற்றினார். வலப்புறப் பற்றரியை அளந்தேன். 12.3. ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் அளந்தேன். 12.3.

இவ்விடத்தில் பையன் உற்சாகமாகி, “இரண்டையும் சேர்த்துப் பாப்பம் அம்மான்” என்று சிவப்பு ஆளியை மீண்டும் இணைத்துவிட்டான். உடனே மீற்றர் 13.7 என்று காட்டிற்று. “பிழையே இல்லை!” என்று கத்தினான். முதியவர் சிரித்தார். சேர்த்துப் பார்த்தாற் பிழை தெரியாதென்றும், இடப்புறத்தான் உழைத்து வலப்புறத்தானுக்கும் ஊட்டுகின்றானென்றும் சொன்னார். இரண்டு டைனமோக்கள் ஒன்றாய் இணைந்திருக்கும்போது, எது சற்று உயர்ந்த அழுத்தத்துக்குச் சீராக்கப்பட்டிருக்கின்றதோ அதுவே பெரும்பாலான சுமையைச் சுமக்கும். மற்றது, “நிரம்பித்தானே இருக்கின்றது” என்று எண்ணிச் சோம்பிக் கிடக்கும். அது நோயன்று, இயல்பு. இதை அறியாமல் சோம்பிக் கிடப்பதைக் கெட்டுப்போனதென்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. இரட்டை இயந்திரப் படகிற் பிழை தேடுபவன் முதலில் இரட்டையரைப் பிரித்து வைக்க வேண்டும்.

பிரிக்கச் சொன்னதும் பையன் பாய்ந்து சென்று வேறோர் ஆளியிற் கைவைத்தான். “அதைத் தொடாதை!” என்று முதியவர் போட்ட அதட்டலில் துறையில் நின்ற நாயும் எழுந்துவிட்டது. அவன் தொட்டது பற்றரியையே முற்றாகத் துண்டிக்கும் பிரதான ஆளி. டைனமோ மின்னை அனுப்பிக்கொண்டிருக்கையில் பற்றரியைத் துண்டித்தால், அதன் அழுத்தம் ஒரு கணத்தில் எகிறி, உள்ளேயிருக்கும் டயோட்டுகளைப் பொசுக்கிவிடக்கூடும். நாம் பழக்கத்தினால் டைனமோ என்று சொல்லும் இக்காலப் பொறி உண்மையில் ஒல்ரனேற்றர். அது ஆடலோட்டத்தைப் பிறப்பித்து, அந்த டயோட்டுகளின் வழியாக நேரோட்டமாக்கித் தருகின்றது. டயோட்டுகள் போனால் டைனமோ போயிற்று. நாலாவது செலவு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

அடுத்து அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது. “இடப்பக்கத்துப் பற்றரியை எப்போதாவது வலப்பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தியோ?” என்று படகுக்காரரிடம் கேட்டார்.

மாற்றிப் பார்த்ததுண்டாம். இரண்டாம் பற்றரி நலியத் தொடங்கியபோது, அதை இடப்புறத்துக்கு மாற்றினாராம். அங்கே அது ஓரளவு தேறிற்றாம். இடப்புறத்து நல்ல பற்றரியோ வலப்புறம் வந்து மூன்று வாரத்தில் நலிந்ததாம். “வலப்பக்கத்து எஞ்சினுக்கு ராசியில்லை அம்மான். தேசிக்காயும் மிளகாயும் கட்டினனான்” என்றார். கட்டியது இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

முதியவர் அதைப் பரிகசிக்கவில்லை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு ராசியென்று சொல்லிவிட்டாயே என்று மெதுவாகச் சொன்னார். அவர் தம் மொழியிற் சொன்னதை நான் என் மொழியிற் கூறுகின்றேன். ஒரே இயந்திரமுள்ள படகிற் பிழை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை. இரண்டுள்ள படகிலோ நோயாளியின் பக்கத்திலேயே, அவனைப் போலவே ஆக்கப்பட்ட ஆரோக்கியமான சகோதரன் நிற்கின்றான். ஓர் உறுப்பை இடம் மாற்றிப் பார்க்கலாம். பிழையும் அதனோடு இடம் மாறினால் உறுப்பிற் குறை. உறுப்பு போனபின்னும் பிழை பழைய இடத்திலேயே நின்றால், மாற்றப்படாத பொருளிற் குறை. பற்றரி மாறியும் பிழை நின்றது. டைனமோ மாறியும் பிழை நின்றது. மாறாதிருந்தது எது? இரண்டுக்கும் இடையே ஓடும் கம்பி. அதற்கு விலை மிகக் குறைவு. அதனாற்போலும் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

“கம்பியையும் கடையிலை சோதிச்சவை. மீற்றர் கத்தினது” என்றார் படகுக்காரர்.

கத்தியிருக்கும். இயந்திரம் ஓடாத வேளையில், மீற்றர் அனுப்பும் மின்னோட்டம் மிகச் சொற்பம். பல இழைகள் முறுக்கிய கம்பியில் ஓரிழை அறாமல் இருந்தாலும் மீற்றர் மகிழ்ந்து கத்திவிடும். பற்றரியை நிரப்ப அந்த ஓரிழை போதாது. கம்பியின் வலுவை அறிய வேண்டுமாயின், அது சுமை சுமக்கும்போதே அளக்க வேண்டும். கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. அவரிடம் கொண்டுபோனது பொருளைத்தான், படகையன்று.

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, மீற்றரின் மறைமுனையைப் பற்றரியின் மறைமுனையோடு பிடித்துக்கொண்டு, நேர்முனைக் கம்பியாற் படிப்படியாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். சுழலும் பெல்ற்றுக்கு அருகே கைவைப்பதற்கு முன் சட்டைக் கையை மடித்துவிடும்படி சொன்னார். டைனமோவின் முனையில் 14.3. டைனமோவிற் குற்றமேயில்லை! அங்கிருந்து புறப்படும் கம்பி பலகைச் சுவரிலுள்ள ஆணிக்கு வருகின்றது, அங்கே 14.2. ஆணியைத் தாண்டி, சுவரின் பின்னே ஒரு முழ தூரத்தில் கறுப்பு நாடா சுற்றிய ஓர் இணைப்பு. அதற்கப்பாற் பற்றரியின் முனையில் 12.3. ஏறத்தாழ இரண்டு வோல்ற்று ஒரு சாண் இடத்திற் காணாமற் போயிருந்தது.

“அந்த நாடாவைத் தொட்டுப் பாருங்கோ, மாஸ்ரர்.”

தொட்டேன். சுட்டது. கையை எடுக்குமளவுக்குச் சுட்டது. காணாமற்போன மின்வலுவெல்லாம் அங்கே வெப்பமாகிக்கொண்டிருந்தது. மின்னோட்டத்தைத் தடையாற் பெருக்க அழுத்த வீழ்ச்சி என்று எத்தனை பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருப்பேன்! பரீட்சைத் தாளில் எத்தனை கணக்குத் திருத்தியிருப்பேன்! அது கையைச் சுடும் என்று அன்றுதான் அறிந்தேன். டைனமோவோ தன் வாசலில் 14.3 இருப்பதைக் கண்டு, பற்றரி நிரம்பிவிட்டதென எண்ணி அமைதியாயிருந்தது. வாசலுக்கு வெளியே பற்றரி பட்டினி கிடந்தது. அவ்வாறு அரைப்பட்டினி கிடக்கும் ஈயப் பற்றரியின் தகடுகளில் வெண்மையான உப்புப் படிந்து இறுகிவிடும். பின்னர் எவ்வளவு ஊட்டினாலும் அது ஏற்காது. மூன்று பற்றரிகளின் கதையும் அதுவே.

டீசல் இயந்திரத்துக்கு இன்னுமொரு வஞ்சகம் உண்டு. இத்தகைய பழைய மாதிரி இயந்திரம் எழும்பும்போதுதான் மின்னை வேண்டுமே தவிர, எழும்பிவிட்டால் மின் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஆகையாற் பற்றரி பட்டினி கிடப்பதைக் கடலில் ஒருவரும் உணரார். துறைக்கு வந்து நிறுத்தியபின்னரே தெரியவரும்.

இயந்திரங்களை நிறுத்தி, பற்றரியின் கம்பிகளைக் கழற்றியபின் நாடாவை அறுத்தார்கள். உள்ளே செம்பு இல்லை. பச்சை நிறத் தூள் இருந்தது. கம்பி ஒரு சாண் குறைந்துபோனபடியால், படகு கட்டியவரோ பின்னர் இயந்திரத்தைப் பூட்டியவரோ, இன்னொரு துண்டை முறுக்கி இணைத்து நாடாவைச் சுற்றிவிட்டிருக்கின்றார். உப்புக் காற்று நாடாவுக்குள் நுழைந்து செம்பைக் களிம்பாக்கிவிட்டது. தலைமயிர் போன்ற நாலைந்து இழைகளே உயிரோடிருந்தன. படகுக்காரர் அத்தூளை உள்ளங்கையிற் கொட்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகைகூட இராது.

நெடுந்தீவிற் கம்பிக்கு எங்கே போவது? முதியவர் தம் பட்டறையிலிருந்து பழைய வெல்டிங் கம்பியில் இரண்டு முழம் கொண்டுவரச் செய்தார். இணைப்பே இல்லாமல் டைனமோ முனையிலிருந்து சுவர் ஆணிக்கு ஒரு துண்டு, ஆணியிலிருந்து பற்றரிக்கு மறு துண்டு. செப்புக் காதுகளைச் சம்மட்டியால் இறுக்கி, ஆணியைச் சுரண்டித் துலக்கி, மேலே வஸலின் பூசினார். பற்றரிக்கு அருகே இருந்த உருகியையும் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். அது தற்காலிக வேலைதான் என்றும், யாழ்ப்பாணம் போனதும் வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி வாங்கிப் போடவேண்டுமென்றும், வெறுஞ் செம்பு கடலில் நில்லாதென்றும் மூன்று முறை சொன்னார்.

மீண்டும் எழுப்பியபோது ஒரு புதுமை நிகழ்ந்தது. வலப்புற இயந்திரத்தின் பெல்ற் கீச்சென்று கத்திற்று. படகுக்காரர் திடுக்கிட்டார். முதியவர் மகிழ்ந்தார். இத்தனை மாதம் டைனமோவுக்கு வேலையில்லை, அதனால் தளர்ந்த பெல்ற்றும் சத்தமின்றிச் சுழன்றது. இன்றுதான் அது சுமை தூக்குகின்றது. பெல்ற்றை இறுக்கியதும் சத்தம் அடங்கிற்று. அளந்தேன். டைனமோ முனையில் 14.1, பற்றரி முனையில் 13.9. அரை மணி நேரத்துள் இரண்டும் உயர்ந்தன. இடைவெளி மட்டும் அந்த இரண்டு பத்திலொன்றுக்கு மேற் போகவில்லை.

“இந்தப் பற்றரி பிழைக்குமோ அம்மான்?” என்று படகுக்காரர் கேட்டார்.

“பாதி பிழைக்கும். கழட்டிக் கரையிலை வைச்சு இரண்டு நாள் மெல்ல மெல்ல ஏற்று. பிறகு பாப்பம்.”

அவர் பழைய டைனமோவைப் பற்றியும் கேட்டார். அதற்கு முதியவர் விடை சொல்லவில்லை. நல்ல டைனமோவைத்தான் கழித்துக் கொடுத்துவிட்டார் என்பது அங்கு நின்ற எல்லோர்க்கும் விளங்கியிருந்தது. பையன்மட்டும் கணக்குப் போட்டுச் சொல்ல வாயெடுத்தான். என் மனைவி அவன் கையைப் பிடித்து, பேரனுக்கு வாங்கிய பனங்கட்டியில் ஒரு துண்டை அதில் வைத்தாள்.

கூலியாகப் பணத்தை நீட்டியபோது முதியவர் வாங்கவில்லை. சின்னம்மாவின் தகப்பனாரைத் தமக்குத் தெரியுமென்றும், அவருடைய மதிலிற் சிறுவனாக ஏறி விழுந்ததுண்டென்றும் சொன்னார். ஆனால் வெல்டிங் கம்பியைத் திருப்பித் தரவேண்டுமென்பதிற் கண்டிப்பாக இருந்தார். “கம்பி எனக்கு வேணும். புதுசு போட்ட உடனே கொண்டுவா.” அணைத்து வைத்த சுருட்டைத் தேடினார். அது காற்றிற் கடலுக்குள் விழுந்துவிட்டிருந்தது.

ஐந்தேகாலுக்குப் புறப்பட்டோம். காற்று முற்றாக ஓயவில்லை. அலை படகின் முகப்பில் மோதி எங்களை நனைத்தது. சின்னம்மா கண்களை மூடியபடி இருந்தார். படகுக்காரர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கொருமுறை என் கையிலிருந்த மீற்றரைப் பார்த்தார். நான் எண்ணைச் சொல்வேன்; அவர் தலையசைப்பார். நயினாதீவுக் கோபுரத்தின் விளக்குகள் தெரிந்தபோது 14.2 என்றேன். அவர் அப்போதுதான் முதன்முறையாகச் சிரித்தார்.

குறிகட்டுவானில் எங்களை இறக்கியபின், அவர் இரண்டு இயந்திரங்களையும் நிறுத்தினார். சிவப்பு ஆளி பிரிந்திருக்கின்றதா என்று கையால் தடவிப் பார்த்தார். பின்னர் வலப்புற இயந்திரத்தின் சாவியைத் திருப்பினார். அது எழுந்தது. நிறுத்திவிட்டு மீண்டும் திருப்பினார். மீண்டும் எழுந்தது. மூன்றாம் முறையும் அவ்வாறே செய்தபோது, துறையில் நின்ற பயணி ஒருவர், “ஏன் தம்பி, விசரோ?” என்று கேட்டார். பஸ்ஸின் நடத்துநர் கடைசிப் பஸ் என்று கூவினார். நாங்கள் சின்னம்மாவைத் தாங்கிக்கொண்டு விரைந்தோம். பஸ் திரும்பும் வரையிலும் அந்த இயந்திரம் நிற்பதும் எழுவதும் கேட்டுக்கொண்டேயிருந்தது.